சைகோன் தாளும் சைத்தூன் பீவியும்

கூத்தாநல்லூரில் சைத்தூன் பீவியை நேரில் பார்க்காதவர்கள் இருந்திருக்கலாம். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. மீன்காரன் அவள் வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போதே செவுளை விரித்துக் காட்டிக்கொண்டுதான் இறக்குவான். காலங்கார்த்தாலே எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

அந்த வாய் அவள் கூடப் பிறந்ததல்ல. பதினேழு வயதில் நிக்காஹ் முடிந்து அந்தத் தெருவுக்கு வந்தபோது, பெண் ஊமையோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்களாம். எட்டாம் மாதமே புருஷன் சேகு தாவூது சைகோனுக்குச் சபர் போய்விட்டார். கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு அந்த ஊரில் சபர் என்று பெயர். ஆள் போகாத வீடு அங்கே குறைவு. ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. ஐம்பத்தேழில் போனவர், சைகோன் விழுந்த எழுபத்தைந்தில்தான் ஒரேயடியாகத் திரும்பினார். நடுவில் மூன்று தடவை வந்து மூன்று நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனார். பதினெட்டு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது பதினோரு மாதம். தனியாகக் கிடந்த பெண்பிள்ளை தன் வீட்டைச் சுற்றிப் போட்டுக்கொண்ட முள்வேலிதான் அந்த வாய்.

முதல் தடவை அவர் வந்திருந்தபோது வயிற்றில் ஒன்று தங்கியது. பெண்ணாக இருந்தால் மைமூன் என்று வைக்க வேண்டும் என்றாள் சைத்தூன். சைத்தூன், மைமூன் என்று தாயையும் மகளையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டால் கேட்க நன்றாக இருக்கும் என்பது அவள் கணக்கு. அவரும் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் கப்பலேறிய இரண்டாம் மாதம் அது கலைந்துவிட்டது. அதன் பிறகு தங்கவேயில்லை.

இத்தனைக்கும் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன், அவர் அங்கே தனியாகக் கிடக்கிறார். அவரும் பாவம், நானும் பாவம். சைகோனில் சிலர் இன்னொரு குடித்தனம் வைத்திருப்பதாக ஊரில் பேச்சு வரும்போதெல்லாம் அவள் எழுந்து போய்விடுவாள். அவர் அப்படிப்பட்டவரில்லை என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அந்த ஒன்று போனால் தன் இளமை மொத்தமும் வீணாகக் கொட்டிய தண்ணீராகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் அனுப்பியதில் வெண்ணாற்றுப் பாசனத்தில் பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர் நஞ்சை வாங்கியிருந்தார்கள். பட்டா சேகு தாவூது பேரில். பயிர் வைத்தவன் குத்தகைக்காரன் இராஜாங்கம், அவன் பெண்டாட்டி அம்சம். கூலி நெல்லுக்காக அறுப்பு நின்று, வரப்புக்கு வரப்பு கொடி நட்டு, போலீஸ் வண்டி வந்து நின்ற வருஷங்களிலெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு களத்துமேட்டில் போய் நின்றவள் சைத்தூன்தான். பிறகு, உழுகிறவன் பேரைக் குத்தகைப் பதிவில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுத வந்த அதிகாரியிடம் அவள் சண்டைக்கே போய்விட்டாள்.

"பட்டா எங்க வூட்டுக்காரர் பேர்ல இருக்கு. இவன் பேர எதுக்கு எழுதணும்?"

"ஒங்க வூட்டுக்காரர் இந்த வயல்ல எத்தனை போகம் கால் வச்சிருக்காரும்மா?" என்று கேட்டார் அவர்.

பதில் சொல்ல முடியாமல் சைத்தூன் பீவி வாயை மூடியது அந்த ஒரு தடவைதான் என்று இராஜாங்கம் பிற்பாடு சொல்லிச் சிரிப்பான். அவன் பேர் பதிவாயிற்று. அதற்காக மூன்று மாதம் அவள் அம்சத்துக்கு வெற்றிலைகூடக் கொடுக்கவில்லை.

எழுபத்தைந்து ஆவணியில் சேகு தாவூது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பிஸ்கட் டின்னுமாக வந்து இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். கேட்டால்தான் பேசினார். உயிரோடு வந்தாரே, அது போதும் என்று சைத்தூன் பள்ளிவாசலுக்கு நேர்ச்சைச் சோறு கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அந்த டின்னைத் திறந்தாள். உள்ளே வட்ட வட்டமாக, வெள்ளையாக, எண்ணெய்க் காகிதம்போல் மெல்லிசான தாள்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மூங்கில் பாயின் பின்னல் பதிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள், அரிசி. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. தஞ்சாவூர்ச் சீமையில் அரிசிமாவை வட்டமாக ஊற்றி, ஆவி காட்டி, வெயிலில் காயவைத்தது கையில் கிடைத்தால் அது வடாமல்லாமல் வேறென்ன? மனுஷர் வரும் வழிக்கு இலைவடாம் வாங்கி வந்திருக்கிறார்! எண்ணெயைக் காய வைத்து நாலைந்தைப் போட்டாள். தாள் கோணி, சுருண்டு, நுரைத்துப் பொங்கியது. உப்பில்லை, சீரகமில்லை. என்ன வடாம் போடுகிறார்களோ அந்த ஊரில் என்று முணுமுணுத்துக்கொண்டே, ஆட்டுக்கறி ஆணம் ஊற்றிய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவர் தட்டில் வைத்தாள்.

சேகு தாவூது தட்டைப் பார்த்தார்.

"இத யாரு பொரிக்கச் சொன்னா?"

"வடாத்தப் பொரிக்காம பின்ன பச்சையாவா திம்பாங்க?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வந்து இறங்கிய நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டார். "வா, காட்டுறேன்" என்று எழுந்து அடுப்படிக்குள் நுழைந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் அடுப்படிக்குள் கால் வைத்ததே இல்லை.

ஒரு தாளை இரண்டாகக் கிழித்தார். அரைத் தாளைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்ததும் அது துணிபோலத் துவண்டது. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் விரித்தார். கிண்ணத்தில் அடித்த முட்டையில் பாதியை நடுவில் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயமும் உப்பும் தூவினார். முட்டை இறுகும் நேரம் பார்த்து நாலு பக்கமும் விரல் நுனியால் மடித்து, திருப்பிப் போட்டு, விளிம்பு பொன்னிறமாகும்வரை விட்டார். உள்ளங்கையில் பாதியளவு ஒரு பொட்டலம். கடித்தால் வெளியே மொறுமொறுவென்று நொறுங்கியது. உள்ளே முட்டை பஞ்சாக இருந்தது.

சைத்தூனுக்கு அது பிடித்திருந்தது. அதுதான் முதல் எரிச்சல். இந்தத் தெருவில் அவள் பிரியாணி தம் போட்டால் நாலு வீட்டுக்கு மணக்கும். மனுஷர் ஒரு நாளும் "நல்லாருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தத் துக்கினிப் பொட்டலத்தைத் தின்னும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

"ஒரு முட்டைய ரெண்டாக்குறீங்களே, முட்டைக்கா பஞ்சம்? ஒரு பச்சமொளகா கிள்ளிப் போட்டா கொறஞ்சா போயிரும்?"

"இது இப்படித்தான்" என்றார் அவர்.

எதிர்வீட்டு ராசம்மாள் வந்து தின்றுவிட்டு, "அக்கா, ஒங்க வூட்டு அண்ணன் மடிக்கிறத பாத்தீங்களா, கொழந்தைக்கு சட்ட போட்டு விடுற மாதிரி!" என்று சிரித்தாள். சைத்தூனும் சிரித்தாள். ஆனால் அந்த விரல்கள் அவள் மனசை விட்டுப் போகவில்லை. துணி கிழிக்கிற கைக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது? அவளுடைய முந்தானை நுனியைக்கூட அவர் இத்தனை பதமாகத் தொட்டதில்லை. கடையில் கூட இருந்த ஆட்கள் சேர்ந்து சமைத்திருப்பார்கள், அப்போது பழகியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே முக்கால்வாசிதான் நம்பினாள்.

வாரம் ஒரு நாள் அவர் அதைச் செய்வார். எப்போதும் அரைத் தாள், அரை முட்டை, மிளகாய் கிடையாது. மார்கழியில் டின் காலியாயிற்று. காலி டின்னை அவர் தூக்கிப் போட விடவில்லை. தை பிறந்து வெயில் உறைக்க ஆரம்பித்ததும், "தாள் நாமளே ஊத்திப் பாப்பமா?" என்றார்.

அன்றைக்கு அம்சம் புது நெல் அரிசி கொண்டுவந்திருந்தாள். சேகு தாவூது அதையே ஊறவைக்கச் சொன்னார். அரைத்து, கொதிக்கிற பானையின் வாயில் நனைத்த துணியை இழுத்துக் கட்டி, ஒரு கரண்டி மாவை ஊற்றினார். அது ஒரு பக்கம் களியாகவும் ஒரு பக்கம் ஓட்டையாகவும் வந்தது. மூங்கில் குச்சியால் எடுக்கப் போனால் பிசினாக ஒட்டிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கையைச் சுட்டுக்கொண்டார்.

"புது அரிசி வழவழன்னுதானுங்க வரும். போன வருசத்துச் சம்பா பச்சரிசியா இருந்தா நிக்கும்" என்று பின்கட்டிலிருந்து அம்சம் குரல் கொடுத்தாள். இது தெரியாத பெண் அந்தச் சீமையில் கிடையாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

சைத்தூன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கரண்டியை எப்படிச் சுழற்றுவது, மூடியை எப்போது திறப்பது, எதுவும் தெரியவில்லை. ஆனால் மடிக்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மடிக்கிறார். கடையில் வாங்கிய தாளோ? கடைத் தாளென்றால், ஊற்றும்போது துணியை நனைத்துக்கொள்ள வேண்டும், எடுக்கிற குச்சி மூங்கிலாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்று பார்த்த ஆளுக்குத் தெரிகிற அளவுக்குத் தெரிகிறது. செய்த ஆளுக்குத் தெரிகிற அளவுக்குத் தெரியவில்லை. அப்படியானால் ஒரே அடுப்பில் ஒரு கை ஊற்றியிருக்கிறது, ஒரு கை மடித்திருக்கிறது. மடித்த கை இவருடையது. ஊற்றிய கை?

கடையாட்கள் எவனும் பானை வாயில் துணி கட்டித் தாள் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டான். அது பெண்பிள்ளை வேலை. வீட்டில், தினம் தினம், ஒருத்தி செய்கிற வேலை.

பொறாமை என்ற ஒன்று இத்தனை சூடாக இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஊரையே நடுங்க வைத்த அந்த வாயில் சத்தம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

"நவுருங்க. நான் ஊத்துறேன்" என்று மட்டும் சொன்னாள்.

முகம் தெரியாத ஒருத்தியோடு அன்றைக்குத் தொடங்கியது போட்டி. பழைய சம்பா அரிசியைக் குதிரின் அடியிலிருந்து எடுத்து ஊறப்போட்டாள். அம்சம் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைக்க, பக்கத்தில் நின்று மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"ஏ அம்சம், பட்டா ஒருத்தி பேர்ல இருக்கு. காலமெல்லாம் எறங்கி நின்னு வெள்ளாம பண்ணுனது இன்னொருத்தி. நெலம் யாருது?"

அம்சத்துக்குக் குழவி நின்றுவிட்டது. "என்னம்மா இது, பதிவெல்லாம் ஆயி அஞ்சு வருசமாச்சு, மறுபடியும் மொதல்லேருந்து கேக்குறீங்க? வெள்ளாம பண்ணுனவுங்களுதுதாம்மா. நீங்க என்ன கோவிச்சுக்கிட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன்."

"அரை, அரை. ஒன்ன ஒண்ணும் சொல்லல" என்றாள் சைத்தூன். அதிகாரி முன்னால் வாயடைத்து நின்ற நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு இராஜாங்கம் மேல் வந்த ஆத்திரம் எல்லாம் இப்போது திரும்பி அவள் மேலேயே விழுந்தது. எத்தனை போகம் கால் வைத்திருக்கிறாய் என்று சைகோனில் தாள் ஊற்றிய அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது? பதினோரு மாதம் என்றா?

தன்னுடைய பழைய மல் துணியைப் பானையில் கட்டினாள். முதல் நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவதில் கரண்டியின் அடியால் உள்ளிருந்து வெளியே சுற்றி இழுக்கும் பழக்கம் கைக்கு வந்தது. இலைவடாம் ஊற்றிய கைதானே! ஆறாவது முழுசாக வந்தது. வெயிலில் கோரைப்பாயை விரித்து வரிசையாகக் காயவைத்தாள். மறுநாள் உரித்து எடுத்தபோது ஒவ்வொரு தாளிலும் அவள் வீட்டுக் கோரைப்பாயின் கோடு நேர்நேராகப் பதிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த மூங்கில் பின்னலைவிட இது அழகாகத்தான் இருக்கிறது என்று பட்டது. பன்னிரண்டு தாள் தேறியது.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்த சேகு தாவூதிடம் தட்டை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து விரலால் தடவினார்.

"அப்படியே இருக்கு" என்றார்.

எதைப் போல அப்படியே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

அடுப்பைப் பற்றவைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் வழக்கம்போலத் தாளை இரண்டாகக் கிழித்தார். முட்டையை அடித்துப் பாதியை ஊற்றினார். வெங்காயம், உப்பு. அரிந்து வைத்திருந்த பச்சை மிளகாயை ஓரமாகத் தள்ளினார். அந்தத் தள்ளலைப் பார்த்ததும் சைத்தூனுக்கு அத்தனை நாள் அடக்கியது பொறுக்கவில்லை.

"ஏன், அவளுக்குக் காரம் ஆகாதோ?"

அவர் விரல்கள் மடிப்பில் இருந்தன. மடிப்பிலேயே மனசு இருந்தது.

"அவளுக்குக் காரம் ரொம்ப வேணும். புள்ளைக்குத்தான்..."

சொன்ன பிறகே என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கல்லில் எண்ணெய் சடசடத்தது.

"எந்தப் புள்ளைக்கு?"

அவர் மடிப்பை இன்னொரு தடவை அழுத்தினார்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு. ஒம்பது வயசு முடிஞ்சிருக்கும்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அவ வர மாட்டேன்னுட்டா சைத்தூனு. தாய விட்டுட்டு வர மாட்டேன், புள்ளையையும் விட மாட்டேன்னுட்டா. நாலு கடுதாசி போட்டேன். ஒண்ணுக்கும் பதில் வரல. இருக்காங்களா இல்லையான்னே தெரியல."

ஒன்பது வயது. சைத்தூன் மனசுக்குள் பின்னோக்கிப் போனாள். அறுபத்தொன்பதில் பட்டுத்துணியோடு வந்து நாலு மாதம் இருந்தாரே, அப்போது அங்கே மூன்று வயதுப் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. நமக்கு இன்னும் தங்கவில்லையே என்று இவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அல்லாஹ் தருவான் என்று தட்டிக் கொடுத்தார். தட்டிக் கொடுத்த கை, ஒரு பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை!

"பேரு?"

பொட்டலத்தின் ஒரு பக்கம் கருக ஆரம்பித்தது. அவர் அதைத் திருப்பவில்லை.

"பேரு என்னன்னு கேட்டேன்."

"மைமூன்."

இன்னொருத்தி இருந்தாள் என்பதை இரண்டு நாளாக மென்று மென்று பாதி விழுங்கியிருந்தாள் சைத்தூன். பிள்ளை இருப்பதையும் ஒரு காலத்தில் விழுங்கியிருப்பாள். பெயர் தொண்டையில் நின்றுவிட்டது. அவள் பெயரோடு சேர்த்துக் கூப்பிடவென்று அவளே தேடி எடுத்த பெயர். பிறக்காத பிள்ளைக்கு அவள் தைத்து வைத்த ஒரே சட்டை. அதைத் தூக்கிக் கொண்டுபோய், யாரோ ஒருத்தி பெற்றதற்குப் போட்டு அழகு பார்த்திருக்கிறார் மனுஷர். கத்த வேண்டும்போல் இருந்தது. தெருவே திரண்டு வருகிற மாதிரிக் கத்தியிருப்பாள். ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"இந்த வூட்டுல சின்னப்புள்ள யாரும் இல்ல. முழுத் தாளா எடுங்க. முழு முட்டையா ஊத்துங்க. மொளகாயப் போட்டுப் பெருசா மடிங்க."

அவர் முழுத் தாளை எடுத்து நனைத்தார். பெரிய தாளில் கை பழகவில்லை. ஒரு மூலை பிரிந்து முட்டை கல்லில் வழிந்தது. அவள் மிளகாயை அள்ளிப் போட்டாள். அப்படியே பத்துத் தாளும் தீர்ந்தது. அவள் வைக்க வைக்க அவர் தின்றார். கண்ணில் நீர் வழிந்தது. காரம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வசதியாக இருந்தது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

சைத்தூன் பீவி தனியாக அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கருகியதை எடுத்து வெளியே எறிந்தாள். தட்டில் ஒரு தாளும், கூடையில் ஒரு முட்டையும் மிஞ்சியிருந்தன. தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இரண்டாகக் கிழித்தாள். முட்டையை அடித்துப் பாதியை மட்டும் ஊற்றினாள். வெங்காயம் தூவினாள், துளி உப்பு. மிளகாய் பக்கம் கை போகவில்லை. நாலு பக்கமும் மடித்தாள். முதல் தடவையிலேயே மூலை பிசகாமல் வந்தது.

பொன்னிறமாக எடுத்து, தட்டில் வைத்து, பிள்ளை வாய் சுட்டுக்கொள்ளுமே என்று ஆற்றுவதுபோல் ஊதி ஊதி ஆற வைத்தாள். பிறகு, யாருக்கும் பங்கு வைக்காமல், தானே தின்றாள்.